ஞாயிறு வகுப்பும் வாராந்தரக் கெடுவும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்ட பிள்ளைகள் டிகிரி பற்றி விசாரித்தால், முன்பு எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: கரஸ்ல, அதாவது அஞ்சல்வழியில், சேர்ந்திரு. இப்போது இரண்டாவது பதிலும் வந்திருக்கிறது. இன்று சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்க நினைக்கிற ஒருவர் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடை போட்டுப் பார்க்கிறார். முதலாவது, இக்னோ என்று எல்லாரும் அழைக்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பாடப்புத்தகம், ஞாயிறு வகுப்பு, ஆண்டுக்கு இருமுறை தேர்வு. இரண்டாவது, சென்னை ஐஐடி 2020 ஜூன் 30 அன்று அறிவித்த தரவு அறிவியல் படிப்பு. பாடம் முழுக்கத் திரையில், ஒவ்வொரு வாரமும் பயிற்சி, தேர்வு மட்டும் நேரில் மையத்துக்குப் போய்.

இரண்டையும் தெருவில் "ஆன்லைன் படிப்பு" என்றே சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டுமே கலப்பு முறைகள். ஒன்று புத்தகத்தையும் நேர் வகுப்பையும் கலக்கிறது. மற்றது காணொளியையும் நேர்த் தேர்வையும் கலக்கிறது. எதை நேரில் வைத்துக்கொள்வது, எதை மாணவர் கையில் விட்டுவிடுவது என்ற இடத்தில்தான் அவை பிரிகின்றன. கடைப் பையனின் வாழ்க்கையில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவதும் அந்த இடம்தான்.

முதலில் பழையது. இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962இல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஹைதராபாத்தில் பிறந்தது. அதன் முதல் துணைவேந்தரான ஜி. ராம் ரெட்டியே 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான இக்னோவுக்கும் முதல் துணைவேந்தரானார். இந்தப் பல்கலைக்கழகங்களை அமைத்தவர்கள் முன்னால் இருந்த மாதிரி, 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அங்கே பிபிசி ஒளிபரப்பு, அஞ்சலில் வரும் பாடம், உள்ளூர் ஆசிரியர், கோடையில் சில நாள் தங்கிப் படிக்கும் முகாம் என்று எல்லாம் சேர்ந்த ஏற்பாடு இருந்தது. கலப்புக் கல்வி என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தப் பொருள் வந்துவிட்டது என்பதை இன்றைய விளம்பரங்களைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சாலைக்கும் இக்னோவுக்கும் தூரம் அதிகமில்லை. அதன் திருவனந்தபுரம் மண்டல மையம் பல ஆண்டுகள் கிள்ளிப்பாலத்தில், கடைத்தெரு முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இயங்கியது. கடைப்பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நடந்து போய் விண்ணப்பம் வாங்கி வர முடிந்தது. ஒரு படிப்பு ஒருவரின் அன்றாடப் பாதையில் இருப்பதும், இணையதள முகவரியாக மட்டும் இருப்பதும் ஒன்றல்ல. பணம் கட்டும்போது ஒரு மனிதரிடம் சந்தேகம் கேட்க முடிவது, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரியைத் தொடுகிறவருக்குப் பெரிய பலம்.

இக்னோவின் ஏற்பாடு நிதானமானது. ஒவ்வொரு பாடத்துக்கும் கையால் எழுதி அனுப்பும் அசைன்மென்ட். அதற்கு வழக்கமாக 30 சதவீத மதிப்பு. மீதி 70 சதவீதம் ஜூனிலோ டிசம்பரிலோ எழுதும் தேர்வுக்கு. 3 ஆண்டுப் பட்டத்தை 6 ஆண்டு வரை இழுத்து முடிக்கலாம். விடுமுறை நாள்களில் படிப்பு மையங்களில் நடக்கும் ஆலோசனை வகுப்பு, செய்முறை இல்லாத பாடங்களில் கட்டாயமில்லை. போனால் லாபம், போகாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்த "யாரும் கேட்கமாட்டார்கள்" என்பதுதான் அந்த முறையின் கருணை, அதன் படுகுழியும் அதுவே. ஒரு வருடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தேர்வு எழுதவில்லை என்றால், அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம். கடையில் ஆள் குறைந்துவிட்டது, இந்த ஜூன் வேண்டாம், டிசம்பரில் பார்ப்போம். டிசம்பர் வந்தால் அடுத்த ஜூன். தோற்றோம் என்ற செய்தி எங்கிருந்தும் வருவதில்லை. படிப்பு சத்தமில்லாமல் பின்னுக்குப் போய், பரணில் கிடக்கும் பிரிக்காத புத்தகக் கட்டாக நின்றுவிடுகிறது. சாலையில் அப்படிப்பட்ட கட்டுகள் நிறைய வீடுகளில் உண்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒருவரைத் தேடி வராத படிப்பை அவர் தேடிப் போக வேண்டுமென்றால், பகலில் 11 மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்த பிறகு மிஞ்சும் தெம்பு அதற்குப் போதாது.

சென்னை ஐஐடியின் முறை இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. அங்கே சேர ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. பன்னிரண்டில் எந்தப் பிரிவு எடுத்தவரும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால், விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு கிடையாது. ஆனால் நுழைவாசலில் 4 வாரம் பாடம் நடத்தி, அந்தப் பாடத்திலேயே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை, ஆங்கிலம் என 4 பாடங்கள். நான் பார்த்தவரை இந்தப் படிப்பின் மிகச் சிறந்த அம்சம் இதுதான். முன்பே யாரோ தந்த மதிப்பெண்ணை வைத்து ஒருவரைத் தள்ளாமல், நாங்கள் கற்றுத்தருகிறோம், கற்றுக்கொள்ள முடிகிறதா பாருங்கள் என்று சொல்லும் தேர்வு நம் நாட்டில் அபூர்வம். எந்தப் பள்ளியில் எப்படிப் படித்தார் என்பது பின்னுக்குப் போய், இந்த ஒரு மாதம் என்ன செய்தார் என்பது முன்னுக்கு வருகிறது.

உள்ளே போனபின் ஆண்டுக்கு 3 பருவங்கள், ஒவ்வொன்றும் 12 வாரம். வாரந்தோறும் காணொளிகள் வெளியாகும். வாரந்தோறும் பயிற்சிக்கு ஒரு கெடு. கெடு தாண்டினால் அந்த வார மதிப்பெண் போயிற்று. முதல் சில வாரங்களின் பயிற்சிகளில் குறைந்தபட்ச சராசரி எடுக்காவிட்டால் இறுதித் தேர்வுக்கே உட்கார முடியாது. இடையில் சிறு தேர்வுகள் நேரில், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். கடைசியில் இறுதித் தேர்வும் நேரில். வீட்டிலிருந்தே தேர்வெழுதும் சலுகை இல்லாததால் இந்தப் பட்டத்தின் மேல் வேலை கொடுப்பவருக்கு நம்பிக்கை இருக்கிறது. காப்பியடித்திருப்பார்களோ என்ற பேச்சு எழுவதில்லை.

இனி இரண்டையும் சாலையின் ஆண்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். கடைத்தெருவுக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகமும் அதைப் பார்த்துத் தேதி வைப்பதில்லை. ஜூன் முதல் தேதி கேரளத்தில் பள்ளி திறப்பு. குடை, பை, நோட்டு, சீருடை வியாபாரம் மே கடைசியிலிருந்தே நெரியும். இக்னோவின் முதல் தேர்வுப் பருவம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. டிசம்பர் தேர்வு சபரிமலை மண்டல காலத்தில் விழுகிறது. இருமுடிக்கான சாமான், மாலை, கறுப்பு வேட்டி வாங்க வரும் ஐயப்பமார்களின் கூட்டம். ஐஐடியில் மே மாதம் தொடங்கும் பருவத்தின் இறுதித் தேர்வு வழக்கமாக ஆகஸ்ட் முடிகிற வாக்கில் வரும். அது ஓணச் சந்தை சூடுபிடிக்கும் நேரம், முதலாளி யாருக்கும் அரை நாள்கூட லீவு தராத நேரம். ஜனவரிப் பருவத்தின் நடுவில் ஆற்றுக்கால் பொங்காலை. லட்சக்கணக்கான பெண்கள் அடுப்பு மூட்டும் அந்த நாளுக்கு முன் ஒரு வாரம் மண்பானையும் அரிசியும் வெல்லமும் விற்கும் கடைகளில் வேலை செய்பவருக்குச் சாப்பிட நேரம் கிடைத்தாலே பெரிது.

ஆக, இரண்டு முறையும் சாலையின் காலத்தோடு மோதுகிறது. மோதும் விதம்தான் வேறு. இக்னோவில் மோதினால் தேர்வைத் தள்ளிப்போடலாம். படித்தது வீணாகாது, பணமும் பெரிதாகப் போகாது. ஐஐடியில் ஓண வாரத்தில் மோதினால் 12 வார உழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கைவிட்டுப் போகலாம். அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டி வரலாம், அதற்கான பணத்தோடு. ஆனால் மோதாத மாதங்களில் நிலைமை தலைகீழ். இக்னோ மாணவர் ஆகஸ்டில் என்ன படித்தார் என்று கேட்டால் அநேகமாகப் பதில் இருக்காது. ஐஐடி மாணவர் ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் எந்தப் பாடத்தில் எந்தக் கணக்கில் திணறினார் என்று சொல்வார். வாரக் கெடு அவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கும்.

வெறும் இணையப் பாடம் ஒருவரைக் கடைசிவரை கொண்டுபோகுமா என்பதற்கு உலகம் ஏற்கெனவே பதில் கண்டுவிட்டது. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து நடத்திய இலவசப் பாடங்களில் சேர்ந்தவர்களை ஆராய்ந்து 2019இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3 சதவீதம் சொச்சம்தான். முந்தைய ஆண்டுகளில் இருந்ததைவிட அது குறைவு. நம் நாட்டில் 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளம் நேர்த் தேர்வைச் சேர்த்துக்கொண்டது. காணொளி இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் மையத்துக்கு வந்து எழுது என்றது. கட்டணம் கட்டி, தேதி குறித்து, ஓரிடத்துக்குப் போய் உட்கார வேண்டியிருந்தால் படிப்பு நிலைக்கிறது. இந்த அளவில் ஐஐடியின் ஏற்பாடு புத்திசாலித்தனமானது என்றே சொல்வேன்.

நடுவில் நிற்க வேண்டி வந்தால் என்ன கையில் மிஞ்சும் என்பது அடுத்த கேள்வி. இதில் ஐஐடி தெளிவாக முன்னால் நிற்கிறது. முதல் படியில் 8 பாடங்களை முடித்து நிறுத்தினால் அடிப்படைச் சான்றிதழ். அடுத்த படியில் நிரலாக்கத்திலும் தரவு அறிவியலிலும் டிப்ளமோ. அதற்கும் மேலே போனால் பி.எஸ்சி.; இன்னும் போனால் நாலாண்டு பி.எஸ். ஒவ்வொரு படியும் வேலைக்கு எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரு காகிதம். இக்னோவிலும் டிப்ளமோ, சான்றிதழ்ப் படிப்புகள் ஏராளம் உண்டு, நல்ல படிப்புகள், ஆனால் பி.ஏ., பி.காம். சேர்ந்து பாதியில் நின்றுபோன பையனின் கையில் வழக்கமாக மதிப்பெண் பட்டியல் தவிர வேறெதுவும் இருப்பதில்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை. இக்னோ கலைப் படிப்புக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம். ஐஐடி படிப்பைக் கடைசிவரை முடிக்க லட்சங்கள் ஆகும். ஆனால் எடுக்கும் பாடத்துக்கு மட்டும் பருவத்துக்குப் பருவம் கட்டலாம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. அந்தச் சலுகையைப் பற்றித் தெரியாமலே பயந்து ஒதுங்குகிறவர்களே அதிகம்.

மொழிதான் எனக்குப் பெரிய உறுத்தல். சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. கடைத்தெருவில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தமிழ், தெருவில் மலையாளம். கல்லூரி என்றால் திடீரென்று ஆங்கிலம் மட்டும். ஐஐடியின் பாடம் ஆங்கிலத்தில். இக்னோவின் பெரும்பாலான பட்டப்படிப்புகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ. கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2020 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதே ஞாயிறு வகுப்பு மாதிரியைக் கேரளம் முழுக்கக் கொண்டுபோகிறது. அதுவும் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் சார்ந்தே இயங்குகிறது.

முன்பு இங்கிருந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலையிலும் அஞ்சல்வழியில் சேர்ந்து தமிழிலேயே எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு விதித்தபின் அந்த வாசல் அடைபட்டது. ஊருக்கு ஊர் படிப்பு மையம் என்ற பெயரில் கடை திறந்து பட்டம் விற்றவர்களை ஒடுக்க வந்த விதி அது. அதன் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தமிழ்ப் பிள்ளை அதற்கு விலை கொடுத்தது. கவனிக்க வேண்டியது இது: 2020ஆம் ஆண்டு விதிகளின்படி தொலைநிலைப் படிப்புக்குத்தான் அந்த எல்லை, அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் நடத்தும் ஆன்லைன் பட்டத்துக்கு மாநில எல்லை கிடையாது. அதாவது, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தமிழ்வழியில் ஒரு நல்ல ஆன்லைன் பி.காம். நடத்தினால் சாலையில் இருந்தபடியே ஒருவர் சேரலாம். சட்டம் வழிவிட்டிருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் இதே திருவனந்தபுரத்தில்தான் தத்துவப் பேராசிரியராக இருந்தார். அவர் பெயரில் திருநெல்வேலியில் 1990இல் எழுந்த பல்கலைக்கழகம் உட்பட எல்லாத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் எல்லைக்கு அப்பால் தங்கள் மொழியில் படிக்கக் காத்திருப்பவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, தனியாகவே படித்து மேலே வந்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். ஆ. மாதவன் இதே தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதினார். கடைத்தெருவின் மனிதர்களைக் கதையாக்கினார். 2015இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். பட்டியல் போட்ட பாடம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அந்த மாதிரி ஒரு மனிதரைக் காட்டி, மற்றவர்களும் அப்படியே செய்யட்டும் என்று ஒரு கல்வி முறையை அமைக்க முடியாது. கல்வி முறை சாதாரணத் தெம்பு உள்ளவர்களுக்காக இருக்க வேண்டியது.

இந்த மண்ணின் மிகப் பழைய உயர்கல்வி ஏற்பாடு அதைச் செய்தது. காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விக்கூடம் இருந்த இடம் இந்த வலியசாலைப் பகுதிதான் என்று சொல்வோர் உண்டு. விழிஞ்ஞம் என்போரும் உண்டு. அதை முன்மாதிரியாகக் கொண்டு ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை அமைத்தான். செப்பேடு சொல்லும் கணக்கு 95 மாணவர். அவர்களுக்கு உணவும் இடமும் தந்து, நடத்தைக்கு விதிகளும் வகுத்தான். வேதம் படிக்கும் ஒரு வகுப்பாருக்கு மட்டுமே திறந்த வாசல் அது. அந்த அநியாயத்தை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும் ஒன்றை அந்த அரசன் அறிந்திருந்தான். படிக்க வந்தவனுக்கு முதலில் தர வேண்டியது நேரம். சோற்றுக்காக அலைய வேண்டியிராத சில வருடங்களை அவன் வாங்கிக் கொடுத்தான். இன்றைய இரண்டு முறைகளும் வாசலை எல்லாருக்கும் திறந்துவிட்டன. அது பெரிய நன்மை. நேரத்தை மட்டும் நீயே கொண்டுவா என்று மாணவரிடம் சொல்லிவிட்டன.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மாலை 6 மணிக்கு மேல் ஓய்வு உள்ளவர், கணக்கில் பயமில்லாதவர், ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறியாவது படிக்கக்கூடியவர் சென்னை ஐஐடிப் படிப்பையே எடுக்கலாம்; முதல் ஆண்டில் பருவத்துக்கு 2 பாடத்துக்கு மேல் வேண்டாம், ஓணத்தை ஒட்டி முடியும் பருவத்தில் ஒன்றே போதும். கடை அடைக்க இரவு 9 மணி ஆகிறவர், குடும்பச் சுமை உள்ளவர், குறிப்பாகக் கல்யாணத்துக்குப் பின் படிப்பைத் தொடரும் பெண்கள், இக்னோவின் நெகிழ்வையே நம்பலாம். ஆனால் கட்டாயமில்லாத அந்த ஞாயிறு வகுப்பைக் கட்டாயமென்றே எண்ணிப் போக வேண்டும். கூடப் படிக்கும் நாலு பேரின் முகம் தெரிந்தால் புத்தகக் கட்டு பரணுக்குப் போகாது. எந்தப் படிப்பானாலும், தெருமுனையில் சீட்டு உறுதி என்று நோட்டீஸ் கொடுப்பவர் வழியாகச் சேர வேண்டாம். மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலை நேரில் பார்த்து, பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்திலேயே பணம் கட்டுங்கள்.

மிச்சம் சாலை முதலாளிமார்களுக்கு. உங்கள் கடையில் படித்துக்கொண்டே வேலை செய்யும் பிள்ளை இருந்தால், வாரத்தில் ஒரு நாள் மாலை 2 மணி நேரம் முன்னதாக அனுப்புங்கள். தேர்வு நாளில் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுங்கள். ஓணக் கூட்டத்தில் அது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த ஒரு ஞாயிறை விட்டுக்கொடுங்கள். வியாபாரிகள் சங்கம் கேட்டால், வார மாலைகளில் காலியாகக் கிடக்கும் தமிழ்ப் பள்ளி வகுப்பறை ஒன்றைப் படிப்பிடமாகத் திறந்துவிடப் பள்ளியும் கல்வித் துறையும் மறுக்கக் காரணமில்லை. ஒரு மேசை, நல்ல வெளிச்சம், இணைய இணைப்பு, கணக்குச் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அடுத்த ஜனவரிப் பருவத்துக்கு முன்பாக இதைச் செய்ய முடியும், செய்யுங்கள்.